மழை கம்மியான ஊருக்கு நாலு திசையிலேர்ந்தும் ஆள் வந்த கதை: திருப்பூரை வச்சு ஒரு விளக்கம்

சுற்றுச்சூழல், இடப்பெயர்வு, பொருளாதார மாற்றம்னு புவியியல் புக்ல மூணு தனித்தனி பாடமா இருக்கும், பரீட்சைக்கு அது போதும். ஆனா ஒரு ஊரு ஏன் இப்படி இருக்குன்னு நிஜமாவே புரியணும்னா மூணையும் சேர்த்துத்தான் பாக்கணும். தண்ணி இல்லாத கஷ்டம் ஒரு தொழிலைக் கொண்டுவரும், அந்தத் தொழில் ஆளைக் கூட்டிட்டு வரும், வந்த ஆளும் தொழிலும் சேர்ந்து மறுபடி தண்ணிலயே போய் கை வைக்கும், அதுல அடிபட்டவன் வேற வேலைக்குக் கிளம்புவான், இப்படியே போய்க்கிட்டே இருக்கும். இன்னொண்ணு, இதுல பாதி விஷயம் அந்த ஊருக்கு வெளிய நடக்கும். ஊருக்குள்ள மட்டும் நின்னு பாத்தா பாதிதான் தெரியும். இது ரெண்டையும் காட்டுறதுக்கு திருப்பூர் மாதிரி வசதியான ஊரு கிடைக்காது, அதனால அதையே எடுத்துக்குவோம்.

மொதல்ல மேப்பை எடுங்க. திருப்பூர் இருக்குற கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கால இருக்கு. ஜூன்ல வர்ற தென்மேற்குப் பருவமழை கேரளா பக்கம் கொட்டித் தீத்துட்டு மலையத் தாண்டுறப்ப மேகத்துல பெருசா ஒண்ணும் மிச்சம் இருக்காது. இதைத்தான் மழை மறைவுப் பகுதின்னு சொல்றாங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்து மட்டும் நல்லா வரும், பல்லடம் உடுமலை பக்கம் அத்தனை காத்தாலை நிக்கிறது அதனாலதான், மழை வராது. வருஷத்துக்கு சராசரியா 600லேர்ந்து 700 மில்லிமீட்டர், அதுலயும் பெரும்பங்கு அக்டோபர் நவம்பர் மழை. நொய்யல் வெள்ளியங்கிரி மலைல பொறந்து கோயம்புத்தூர், திருப்பூர் வழியா போய் கரூர் மாவட்டத்துல காவிரில சேருது, ஆனா வருஷம் பூரா ஓடுற ஆறு இல்ல, மழைக்குத் தண்ணி வரும், அப்புறம் காஞ்சு கிடக்கும்.

இந்த மாதிரி இடத்துல தஞ்சாவூர் மாதிரி வாய்க்கால் தண்ணிய நம்பி நெல்லு போட முடியாது. பாறையா இருக்குற பூமில ஆழமா கிணறு வெட்டி, மாட்டைப் பூட்டி கவலை ஓட்டித் தண்ணி எறைச்சு, பருத்தி, சோளம், கம்பு, புகையிலைன்னு போட்டாங்க. கிணத்துக்கும் எட்டாத நிலத்தை கொறங்காடுன்னு கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லு வளர விட்டு மாடு மேய்ச்சாங்க, காங்கேயம் மாடுன்னு பேர் வாங்குனது அந்தக் காட்டுல மேஞ்சதுதான். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா கிணத்து வெள்ளாமைக்கு முதல் போடணும். கிணறு வெட்டணும், மாடு வாங்கணும், வறட்சி வந்தா போட்டது அத்தனையும் போகும். அதனால கையில நாலு காசு சேத்து வைக்கிறதும், நஷ்டக் கணக்கு பாக்குறதும், ஒண்ணு கவுந்தா இன்னொண்ணத் தேடுறதும் அங்க பழக்கமாவே ஆயிருச்சு. வறட்சி வந்த எல்லா ஊர்லயும் தொழில் வளரும்னு இதுக்கு அர்த்தம் இல்ல, எத்தனையோ வறண்ட ஊரு வறண்டபடியேதான் கிடக்கு, கொஞ்சம் நிலம் சொந்தமா இருந்தவங்க கையில இந்தப் பழக்கம் பின்னாடி முதலாச்சு, அவ்ளோதான்.

இடையில ஒரு விஷயம் சொல்லிடறேன். நொய்யல் கரையில சென்னிமலைக்குப் பக்கம் கொடுமணல்னு ஒரு ஊரு இருக்கு, பதிற்றுப்பத்துல கொடுமணம்னு வர்ற ஊரு. அங்க தோண்டுனப்ப மணி செய்யுற பட்டறை, இரும்பு உருக்குன உலை எல்லாம் கிடைச்சுது, ஓட்டுச் சில்லுல தமிழ்ப் பேரோட வடக்கத்திப் பேரும் பொறிச்சிருக்கு. கேரளக் கடற்கரையிலேர்ந்து கணவாய் வழியா கரூருக்குப் போற பாதையில இருந்த ஊரு அது. அதனால இந்தப் பக்கத்துக்கு வெளியூர் ஆள் வர்றது என்னவோ இப்பதான் புதுசா நடக்குதுன்னு யாராவது சொன்னா சிரிப்புதான் வரும்.

சரி, பருத்திக்கு வருவோம். 1900களோட ஆரம்பத்துல கம்போடியான்னு ஒரு பருத்தி ரகம் இந்தப் பக்கம் பரவுச்சு, கிணத்துத் தண்ணிக்கு நல்லா வந்துச்சு. திருப்பூர்ல ரயில்வே ஸ்டேஷன் இருந்துச்சு, பருத்திச் சந்தை வந்துச்சு, கொட்டை பிரிக்கிற ஜின்னிங் ஃபேக்டரி வந்துச்சு. 1930கள்ல நீலகிரில பைக்காரா மின்சாரம் வந்ததும் கோயம்புத்தூர் சுத்தி மில்லு மில்லா எழும்புச்சு, தோட்டத்துல பம்புசெட் வந்துச்சு. பனியன் நெய்யுற மெஷின் திருப்பூருக்கு 1920, 30கள்ல வந்தப்ப நூல் பக்கத்துலயே கிடைச்சுது. அப்ப பனியனுக்கு கல்கத்தாதான் பெரிய ஊரு, திருப்பூர் சும்மா ஒரு ஓரமா வெள்ளை பனியன் போட்டுக்கிட்டு இருந்துச்சு.

பெரிய திருப்பம் 1970களோட கடைசில, இத்தாலிலேர்ந்து வெள்ளை டீஷர்ட் தேடி வந்த வியாபாரி மூலமா ஏற்றுமதி ஆரம்பிச்சப்பதான் நடந்துச்சு. அதுக்கு முன்னாடியே சுத்துப்பட்டு கிராமத்துலேர்ந்து சின்ன விவசாயிக் குடும்பத்துப் பசங்க பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்திருந்தாங்க, தொழில் கத்துக்கிட்டாங்க, நாலு பேர் கூட்டு சேர்ந்து ரெண்டு மெஷின் போட்டு முதலாளி ஆனாங்க. வேலைக்காரனா வந்தவன் முதலாளி ஆகுறது எல்லா தொழில்லயும் நடக்காது, இங்க ஏன் நடந்துச்சுன்னா தொழிலோட அமைப்பு அப்படி.

ஒரு டீஷர்ட் எப்படி வருதுன்னு பாருங்க. நூல் ஒரு இடத்துலேர்ந்து வரும், துணி பின்னுற நிட்டிங் வேற இடம், சாயம் வேற இடம், துணி பின்னாடி சுருங்காம அழுத்தி எடுக்குற காம்பேக்டிங் வேற, பிரிண்டிங் வேற, எம்ப்ராய்டரி வேற. கம்பெனில கட்டிங் மாஸ்டர் வெட்டிக் கொடுத்தா ஓவர்லாக், பேட்லாக்னு ரெண்டு வகைத் தையல் மெஷின், அதுல ஒருத்தர் இதுல ஒருத்தர்னு தைப்பாங்க, கூடவே கைமடிக்க ஒரு ஆள் நிக்கும், அப்புறம் பிசிர் வெட்டி, செக்கிங், அயர்னிங், பேக்கிங். எல்லா வேலையும் ஒரே கூரைக்குக் கீழ வச்சிருக்கணும்னு அவசியம் இல்ல, ஒவ்வொண்ணையும் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வெளிய செய்யக் கொடுத்து விடலாம். அதனால ஒரு வேலைக்கான மெஷின் மட்டும் வாங்கி ஒருத்தன் தொழில்ல நுழைஞ்சிரலாம். இப்படி ஒரே தொழிலோட துண்டு துண்டான வேலையெல்லாம் ஒரே ஊர்ல நெருக்கமா இருக்குறதைத்தான் கிளஸ்டர்னு சொல்றாங்க. ஊசி உடைஞ்சா அடுத்த தெருவுல ஊசி, ஆர்டர் அதிகமானா பக்கத்து கம்பெனிக்குப் பாதி, மிச்சமான, சின்னக் குறை இருக்குற செகண்ட்ஸ் சரக்கை விக்க ஊருக்குள்ளயே காதர்பேட்டை சந்தை. வேற ஊர்ல ஒருத்தன் தனியா ஃபேக்டரி போட்டா இத்தனையும் அவனே சுமக்கணும். அதனாலதான் பருத்தி விளையறது குறைஞ்சு நூலு எங்கேர்ந்தோ வர ஆரம்பிச்சும் தொழில் அங்கயே நின்னுச்சு. ஆரம்பிச்சு வச்ச காரணம் போனப்புறமும் ஒரு தொழில் அதே இடத்துல தங்கிரும்ங்கறது ஆரம்பத்துல குழப்பும், ஆனா முக்கியமான பாயிண்ட்.

அடுத்தது ஆள். இடப்பெயர்வுக்குப் பாடப்புத்தகத்துல தள்ளுவிசை இழுவிசைன்னு சொல்வாங்க, ஊர்ல வேலை இல்லாதது தள்ளும், இங்க சம்பளம் இழுக்கும். தப்பு இல்ல, ஆனா அது மட்டும் இருந்தா எல்லா ஏழையும் எல்லா பணக்கார ஊருக்கும் போயிருக்கணுமே, அப்படிப் போறது இல்ல. தெரிஞ்சவன் இருக்குற ஊருக்குத்தான் போவாங்க. மதுரை, தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம், திருநெல்வேலி பக்கத்துலேர்ந்து ஒருத்தர் வந்து டெய்லர் ஆனா அடுத்த தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டு வர்றப்ப கூட மச்சானும் பெரியப்பா பையனும் வருவாங்க, தங்க இடம் சோறு எல்லாம் மொதல்ல அவர் ரூம்லதான், கம்பெனிலயும் அவர் சொன்னாத்தான் சேப்பாங்க. சங்கிலி மாதிரி இப்படிப் போறதால சில கம்பெனில ஒரு லைன் பூரா ஒரே ஊர்க்காரங்களா இருப்பாங்க. திருப்பூர் நகரத்துல 1961ல கிட்டத்தட்ட 80,000 பேர், 2011ல பழைய எல்லைக்குள்ளயே 4.4 லட்சம், சுத்தியிருந்த ஊரையும் மாநகராட்சில சேத்தா 8.8 லட்சம்.

சம்பளக் கணக்கும் தனி. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், அதுக்கு மேல நாலு மணி நேரம் நின்னா ஒன்றரை ஷிப்ட், ஏற்றுமதி நெருக்கும்போது விடியவிடிய நின்னு ரெண்டு ஷிப்ட்டும் ஓட்டுவாங்க. வாரத்துக்கு எத்தனை நாள் வேலைன்னு கேக்க மாட்டாங்க, எத்தனை ஷிப்ட்டுன்னுதான் கேப்பாங்க. சனிக்கிழமை சம்பளம். ஊர்ல மழையை எதிர்பாத்து வருஷத்துக்கு ஒருக்கா காசு பாத்த குடும்பத்துக்கு வாராவாரம் கையில காசுங்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க, அதுக்காகத்தான் அந்த பன்னெண்டு மணி நேரத்தையும் பொறுத்துக்குறாங்க. நல்லா சம்பாதிச்சாங்கன்னு மட்டும் சொல்லி முடிச்சிரக் கூடாது, பி.எஃப் இல்லாம, வயசு 45 தாண்டுனா கண்ணும் முதுகும் போய், செக்கிங்குக்கோ வாட்ச்மேன் வேலைக்கோ இறங்குனவங்க நிறைய.

சுத்தி இருக்குற கிராமத்துல என்ன ஆச்சுங்கறதுதான் எனக்கு இந்தக் கதையிலயே ரொம்ப சுவாரசியமானது. பண்ணையத்துக்கு ஆள் கிடைக்காம போச்சு. தலைமுறை தலைமுறையா கவுண்டர் தோட்டத்துல வருஷக் கூலிக்கு இருந்த அருந்ததியர் குடும்பங்கள்ல பல பேர் பனியன் கம்பெனிக்குப் போக ஆரம்பிச்சாங்க, அதனால கிராமத்துல கூலியும் ஏறுச்சு, பழைய அதிகாரமும் தளர்ந்துச்சு. ஆனா எல்லா கிராமத்துலயும் அப்படி நடக்கல. கொஞ்சம் தள்ளி விசைத்தறி அதிகமா இருக்குற கிராமத்துல தறி முதலாளிங்க கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும்னு பெரிய தொகைய அட்வான்ஸா கொடுத்து ஆளைக் கட்டி வச்சாங்க, கடன் அடையுற வரைக்கும் வேற வேலைக்குப் போக முடியாது. அதே வட்டாரம், அதே சாதி, ரெண்டுமே துணித் தொழில்தான், ஒரு கிராமத்துல விடுதலை மாதிரி இருக்கு, இன்னொரு கிராமத்துல புதுக் கட்டு. அதனால பொருளாதாரம் வளர்ந்தா எல்லாம் மாறும்னு ஒட்டுமொத்தமா யாராவது பேசுனா எந்த கிராமம், எந்த வேலை, யார் குடும்பம்னு ஒரு தடவை கேட்டுக்கங்க.

தோட்டக்காரங்க பக்கம் என்ன ஆச்சுன்னா, தண்ணி கீழ போயிருச்சு, ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் வருது, ஆள் கூலி கட்டல. ரோட்டோரமா காடு இருந்தவங்க அதுல பத்து லைன் வீடு கட்டி விட்டுட்டாங்க. ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு, பொது பாத்ரூம், தகரமோ ஓடோ போட்டிருக்கும். வாடகை மாசம் பொறந்தா வருது, மழை பெஞ்சாலும் பெய்யாட்டியும். சோளம் போட்டுக்கிட்டு இருந்த காட்டுல வெளியூர்க்காரன் கொடுக்குற வாடகைதான் வெள்ளாமைன்னு ஆயிருச்சு.

இப்ப திரும்பத் தண்ணிக்கு வரணும், ஏன்னா இதோட பில்லு அங்கதான் வந்துச்சு. பருத்தித் துணிக்குக் கலர் ஏத்துறதுக்குத் தண்ணி மட்டும் போதாது, உப்பு வேணும். தண்ணில நனைஞ்ச பருத்திக்கும் சாயத்துக்கும் ஒரே வகை மின்னூட்டம், ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளும், உப்பைக் கொட்டுனாத்தான் சாயம் துணிகிட்ட நெருங்கும். டார்க் கலரா இருந்தா ஒரு கிலோ துணிக்கு அரை கிலோவோ அதுக்கு மேலயோ உப்பு போகும். இதுல விஷயம் என்னன்னா அந்த உப்பு துணில ஒட்டாது, வேலை முடிஞ்சதும் மொத்தமும் கழிவுத் தண்ணிலதான் வெளிய வரும். கலரையாவது சுத்திகரிச்சு எடுத்துரலாம், கரைஞ்ச உப்பை சாதாரண சுத்திகரிப்புல எடுக்கவே முடியாது. பாக்குறதுக்குத் தெளிவா இருக்குற தண்ணிகூட வயலைக் கொல்லும். திருப்பூர்ல நூத்துக்கணக்கான சாயப்பட்டறை, சலவைப் பட்டறை. அதுங்களுக்கு நல்ல தண்ணி சுத்துப்பட்டு கிராமத்துக் கிணத்துலேர்ந்து லாரி லாரியா வந்துச்சு, விவசாயிங்களே வித்தாங்க, பயிருக்கு விடுறதை விட லாபம். கழிவு நொய்யல்ல போச்சு. மழை ஆறுன்னு முன்னாடி சொன்னேன் இல்ல, அதுதான் இங்க வினை, கலந்து அடிச்சுட்டுப் போக ஆத்துல தண்ணியே இல்ல.

திருப்பூரைத் தாண்டி நொய்யல் ஓடுற வழியில, ஒரத்துப்பாளையத்துல 1992ல ஒரு அணை கட்டுனாங்க, பத்தாயிரம் ஏக்கருக்கு மேல பாசனம் ஆகும்னு கணக்கு. அணைல வந்து நின்னது சாயத் தண்ணி. அது நிலத்துக்குள்ள எறங்கி சுத்தியிருந்த கிணறெல்லாம் உப்பாச்சு. எந்த நாட்டுலயும் விவசாயி அணை கேட்டுப் போராடுவான், இங்க அணைல தண்ணி தேக்காதீங்கன்னு போராடுனாங்க. நெல்லு, மஞ்சள், வாழை எல்லாம் போச்சு, உப்பைக் கொஞ்சம் தாங்குற தென்னை நின்னுச்சு. நஷ்ட ஈடு கணக்குல வந்த விவசாயிங்க மட்டும் 28,000 பேருக்கு மேல. ஒருத்தன் லாபத்துக்கான செலவு விலைல ஏறாம, சம்பந்தமே இல்லாத இன்னொருத்தன் தலைல விழறதைப் பொருளாதாரத்துல புறவிளைவுன்னு சொல்வாங்க. ஐரோப்பால டீஷர்ட் வாங்குனவன் கொடுத்த காசுல கரூர் பக்கத்து விவசாயியோட கிணறு சேரல, அதனாலதான் அது சீப்பா இருந்துச்சு.

விவசாயிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2006ல சென்னை உயர்நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளிய விடக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு, 2009ல உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லுச்சு, அப்பவும் நடக்கல. 2011 ஜனவரில சென்னை உயர்நீதிமன்றம் எல்லா சாயப்பட்டறையையும் மூடச் சொல்லிருச்சு, 700க்கு மேல. ஊரே ஸ்தம்பிச்சுப் போச்சு. சாயத்துக்குத் துணிய வெளியூருக்கு அனுப்புனாங்க, வேலை இல்லாம நிறைய பேர் ஊருக்குக் கிளம்புனாங்க, லைன் வீடு காலியாச்சு. அப்புறம் பொது சுத்திகரிப்பு நிலையங்கள்ல ஆர்.ஓ போட்டு, மிச்சத்தைக் கொதிக்க வச்சு ஆவியாக்கி, உப்பைத் தனியா எடுத்து, தண்ணியத் திரும்ப சாயத்துக்கே விடுற முறை வந்துச்சு. ஜீரோ டிஸ்சார்ஜ்னு பெருமையா சொல்றாங்க, பெருமைப்பட வேண்டியதும்தான், ஆனா அதுக்குக் கரண்டும் விறகும் எவ்வளவு செலவாகுதுன்னும், கலந்து போன உப்புக் கழிவு மூட்டை மூட்டையா எங்க கிடக்குதுன்னும் சேத்துப் பாக்கணும். செலவு தாங்க முடியாத சின்னப் பட்டறைங்க பல மூடிருச்சு. சட்டம் கடுமையானா தொழில்ல பெரிய கை மட்டும் நிக்குங்கறது இங்கயும் நடந்துச்சு.

இதுக்கு நடுவுல 2005 பொறந்தப்ப உலக அளவுல துணி ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா முறை, அதாவது எந்த நாடு எவ்வளவு அனுப்பலாம்ங்கற அளவு, முடிஞ்சுது. ஆர்டர் பெருசா வர ஆரம்பிச்சுது, போட்டியும்தான். பக்கத்துத் தண்ணி பத்தாம காவிரிப் படுகைலேர்ந்து 50 கிலோமீட்டருக்கு மேல குழாய் போட்டுக் கொண்டுவந்தாங்க, தனியார் முதலீட்டோட. 2009ல கோயம்புத்தூரையும் ஈரோட்டையும் வெட்டி திருப்பூர் தனி மாவட்டமே ஆச்சு. பனியன் இல்லாட்டி அந்த மாவட்டம் இல்ல, கலெக்டர் ஆபீஸ் எங்க இருக்கணுங்கறதைக்கூட ஓவர்லாக் மெஷின்தான் முடிவு பண்ணுச்சுன்னு வேணா சொல்லிக்கலாம்.

ஆனா தென் மாவட்டத்துப் பசங்க முன்ன மாதிரி வரல. படிச்சாங்க, நூறு நாள் வேலை வந்துச்சு, சென்னை வளர்ந்துச்சு, ஒரு வீட்டுக்கு ரெண்டு புள்ளைதான். அந்த இடத்துக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கத்துலேர்ந்து ஆள் வந்தாங்க. தன்பாத் ஆலப்புழா எக்ஸ்பிரஸ் திருப்பூர்ல நிக்கிறப்ப பிளாட்பாரத்தைப் பாத்தீங்கன்னா தெரியும், தலைல பேக், கையில பக்கெட், முன்னாடி வந்த ஒருத்தன் கூட்டிட்டுப் போக நிப்பான். மதுரைக்காரங்க வந்த அதே சங்கிலி, தூரம்தான் ரெண்டாயிரம் கிலோமீட்டர். ஞாயித்துக்கிழமை பஸ் ஸ்டாண்ட் பக்கம் இந்தி, ஒடியா, வங்காளின்னு கேக்கும், செல்போன் கடை போர்டு இந்தில இருக்கும். இவங்களுக்கு இங்க ஓட்டு இல்ல, பிரச்சனைன்னா பேச ஊர்ப் பெரிய மனுஷன் இல்ல. 2020 லாக்டவுன்ல அது பளிச்சுன்னு தெரிஞ்சுது, கம்பெனி மூடுன உடனே சம்பளமும் நின்னுச்சு, ரயில் விட்டப்ப கூட்டம் கூட்டமா கிளம்புனாங்க. 2023 மார்ச்சுல வடமாநிலத் தொழிலாளிங்களை அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோ பரவுனப்ப பீகார்லேர்ந்து அதிகாரிங்க குழுவே விசாரிக்க திருப்பூருக்கு வந்துச்சு. வடக்கன்னு ஏளனமா பேசுறவங்க ஊர்லயும் உண்டு, ஆனா அவங்க போயிட்டா யார் லைன்ல உக்காருவாங்கன்னு முதலாளிங்களுக்கு நல்லாவே தெரியும், அந்த வாரம் அவங்க முகத்தைப் பாத்திருக்கணும்.

2025 ஆகஸ்ட் கடைசில அமெரிக்கா இந்தியப் பொருளுக்கு வரியை 50 சதவீதம் ஆக்குனப்ப திருப்பூர் ஏற்றுமதில மூணுல ஒரு பங்கு கிட்ட அந்த நாட்டுக்குத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. வாஷிங்டன்ல ஒரு கையெழுத்து, திருப்பூர் அவினாசி ரோட்டுல ஷிப்ட் குறைஞ்சுது, ஒடிசால ஒரு வீட்டுக்கு மாசாமாசம் போற பணம் குறைஞ்சுது.

இப்ப இன்னொண்ணும் நடந்துக்கிட்டு இருக்கு. ஆள் வராததால கம்பெனிங்க ஆள் இருக்குற இடத்துக்குப் போறாங்க. மொதல்ல 40, 50 கிலோமீட்டர் தூரத்துக் கிராமத்துக்கு வேன் விட்டாங்க, அப்புறம் திண்டுக்கல், மதுரை பக்கம் தையல் யூனிட்டே போட ஆரம்பிச்சாங்க, வெளியூருக்குப் போக முடியாத பொம்பளைங்க வீட்டுலேர்ந்தே வேலைக்கு வந்துட்டுப் போறாங்க. 2023ல விருதுநகர் மாவட்டத்துக்கு பெரிய ஜவுளிப் பூங்கா அறிவிச்சாங்க, மத்திய அரசோட பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா திட்டத்துல. ஒரு காலத்துல திருப்பூருக்கு ஆள் அனுப்புன மாவட்டத்துக்குத் தொழில் போகுது. விருதுநகரும் மழை கம்மியான பூமிதான், அதனால அங்க ஷெட்டு எத்தனை வருதுன்னு பாக்குறதுக்கு முன்னாடி சாயத்துக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது, உப்பு எங்க போகுதுன்னுதான் நான் பாப்பேன்.